ஷூ முடிச்சு போட்ட சட்டி

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சும்மாடு முதற்கொண்டு. புருசன் தவமணியின் பழைய வேட்டியைக் கிழித்துத் தானே சுருட்டிய சும்மாடு தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது, முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள், சுற்றிலும் குலவைச் சத்தம், முளைப்பாரி வீட்டு வாசலில் மேளக்காரர் உருமியை இழுத்து இழுத்து முனகவிட்டுக்கொண்டிருந்தார், பேச்சியக்கா இருட்டறைக்குள் இருந்து ஒவ்வொரு சட்டியாக வெளியே எடுத்து அதன் கழுத்தில் கட்டியிருக்கும் சேலைத்துண்டைப் பார்த்து, "மாம்பழக் கலரு யாரு, முனீசா, வாடி, அசந்து நிக்காத" என்று கூப்பிட்டு, ஈரத்துணி போர்த்திய சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. வாய் தானாகக் குலவை போட்டது. வந்துட்டேன் ஆத்தா, இந்த வருசம் எப்பிடிக் கொண்டாறேன் பாரு என்று மனசுக்குள் ஒரு சத்தம், மேளத்தை விடப் பெரிய சத்தம். வெயில் தாழ்ந்த தெரு, தண்ணீர் தெளித்த மண்வாசம், முன்னால் சட்டிகள், பின்னால் சட்டிகள், கூட்டம் நகர ஆரம்பித்து மாவுமில் முக்குத் திரும்பும்போது சட்டி கொஞ்சம் ஆடிற்று, சரிப்படுத்த வலது கையை உயர்த்தினாள், கட்டைவிரல் பழக்கதோசத்தில் விளிம்பின் மேல் ஊர்ந்து சில்லைத் தேடியது. சில்லைக் காணோம்.

இருக்கும், அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். குயவர் வீட்டிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கே மகள் நிவி சட்டியைத் தொட்டில் பிள்ளை மாதிரிக் கட்டிக்கொண்டு ஓடி, குழாயடிக் கல்லில் மோதி, விளிம்பில் விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்துவிட்டது, வேறு வாங்கலாமா என்று யோசித்து, போகட்டும், இதுவே அடையாளம் என்று விட்டுவிட்டாள். இருட்டறையில் தண்ணீர் தெளிக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் முதலில் அந்தச் சில்லில்தான் போய் நிற்கும், நாக்கு சொத்தைப் பல்லைத் தேடிப் போகிற மாதிரி. இப்போது இடது கையையும் உயர்த்தினாள். இரண்டு கையும் இரண்டு பக்கமிருந்தும் விளிம்பைத் தடவிக்கொண்டு போய் பின்பக்கம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. வழவழவென்று முழு விளிம்பு. புதுச்சட்டி கணக்காக. ஏ ஆத்தா. இல்ல, இரு, கை வேர்த்திருக்கு, ஈரத்துணி நடுவில் இருக்கு, மறுபடி பாரு. மறுபடி பார்த்தாள். அப்போதுதான் துணியே தப்பாக இருப்பது தெரிந்தது. அவளுடைய பயிர் இருக்கிற உயரத்துக்குத் துணி கூடாரம் மாதிரி நிற்க வேண்டும், உள்ளங்கையை வைத்தால் சடசடவென்று தலைகள் முட்டும், பஞ்சு மாதிரி, புதுசாக முடி முளைத்த பிள்ளையின் தலை மாதிரி. இங்கே துணி தொளதொளவென்று விளிம்போடு விளிம்பாக உள்ளே அமுங்கிக் கிடந்தது. தடவினால் நடுவில் ஏதோ நாலைந்து தட்டுப்படுகிறது, அதுவும் கூச்சப்பட்டு நிற்கிறது.

"என்னடி, சட்டியைப் போட்டு இந்தத் தடவு தடவுற, பேன் பாக்கிறியா?" பின்னாலிருந்து பேச்சியக்காதான். சட்டிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறாள். சும்மா இருக்கிற வாயா அது. "ஒண்ணுமில்லக்கா, ஆடுது." "ஆடாம என்ன செய்யும், அம்புட்டு உசரம் வளத்து வச்சிருக்க. ஊரு கண்ணு பூரா உன் சட்டி மேலதான்டி இன்னைக்கு." காலையில் உள்ளே பார்த்த ஞாபகத்தில் பேசுகிறாள். முனீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இறக்கக் கூடாது. அது ஒரு சட்டம். துணியை விலக்கக் கூடாது. அது இன்னொரு சட்டம். ஆத்தா கோயில் பொங்கலுக்கு ஊர்ப் பொம்பளைகள் ஆளுக்கொரு சட்டியில் கரம்பை மண் நிரப்பிப் பயறு விதைத்து, பேச்சியக்கா வீட்டு இருட்டறையில் வைத்து வளர்த்து, கடைசி நாள் காலையில் கடைசித் தண்ணீர் தெளித்துத் துணி போர்த்திவிட்டால், பிறகு ஆத்தா முன்னால் விலக்குகிற வரை யாரும் பார்க்கக் கூடாது. முதல் பார்வை ஆத்தா பார்வை. அதற்குப் பிறகு ஊருணியில் கரைப்பு. யார் சட்டி செழிப்போ அந்த வீடு அந்த வருசம் செழிக்கும், யார் சட்டி சொட்டையோ அந்த வீட்டைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டும். தலையில் இருப்பதை எட்டிப் பார்க்கவும் முடியாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது. ரெண்டு விரலால் மட்டும் உலகத்தைத் தெரிஞ்சுக்கோ என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிவி கூடவே வந்துகொண்டிருந்தாள். பட்டுப்பாவாடை, சடைக்குச்சம், காலில் மட்டும் பள்ளிக்கூட ஷூ. செருப்பே போடக் கூடாதடி கோயிலுக்கு என்றால் கோயில் வாசலில் கழட்டிக்கொள்வேன், எனக்கே கழட்டத் தெரியும், கட்டத் தெரியும் என்கிறாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டத் தெரிந்ததில் அப்படி ஒரு திமிர். முனீஸ்வரிதான் சொல்லிக்கொடுத்தாள், இந்தப் பக்கம் ஒரு முயல்காது, அந்தப் பக்கம் ஒரு முயல்காது, ரெண்டு முயலும் கட்டிப்பிடிச்சுக்கிருச்சா, இழு. கதவுக் கொண்டி, தண்ணீர்க் குடத்துக் கயிறு, தவமணியின் அரைஞாண், வீட்டில் எதைத் தொட்டாலும் முயல்காதுதான். பேசாமல் இருக்கத் தெரியாத பிள்ளை இன்றைக்கு ரொம்ப நல்ல பிள்ளையாக வருகிறதே என்று அப்போதுதான் முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. விரல் விளிம்பை விட்டு இறங்கிச் சட்டியின் கழுத்துக்குப் போயிற்று. சேலைத்துண்டு இருந்தது, தன்னுடைய கல்யாணத்து மறுவீட்டுச் சேலையின் முந்தானைக் கரை, சரிகை நெருடுகிறது, துண்டு அவளுடையதேதான். முடிச்சு? அவள் போட்டது பல்லால் கடித்து இறுக்கிய ரெட்டை முடிச்சு. தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிற முடிச்சு, கத்திரிக்கோல் இல்லாமல் அவிழாது என்று ஃபோர்மேனே சொல்லுவார். விரல் நுனிக்கு அகப்பட்டது ஒரு காது. தொளதொளவென்று. இந்தப் பக்கம் இன்னொரு காது.

அடிப் பாதகத்தி. அடி என் வயித்துல பொறந்த சண்டாளி. முயல்காது! என் சட்டியில் இருந்த துணியை அவுத்து எந்தச் சட்டியில் கொண்டுபோய் உன் முயல்காதைக் கட்டினே? ரெட்டை முடிச்சை எப்பிடிடி அவுத்த, பல்லாலயா? கேள்வி எழும்போதே பதிலும் எழுந்துவிட்டது, யாருடைய சட்டி என்று கேட்கவே வேண்டியதில்லை, வளராத சட்டி ஊரிலேயே ஒன்றுதான். செல்லக்கிளி மதினி. மூன்று தலைக்கு முன்னால் நீலச்சேலையில் மதினி நடந்துகொண்டிருந்தாள், காலையில் முதல் பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்து இறங்கிய கசங்கல் முகம் பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும், கழுத்து அப்படி ஒடுங்கியிருந்தது. அவள் தலைக்கு மேல் வெள்ளைத்துணி கூடாரமாக, கோபுரமாக, காற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டு, என் பயிரு, என் புள்ளை, எங்கிட்டுப் போற என்னை விட்டுட்டு.

மேளம் திடீரென்று வேகம் பிடித்தது. வேட்டு ஒன்று வெடித்து நாய்கள் சிதறின. மாடியிலிருந்து யாரோ மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள், முகத்தில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. வயிறு. கையை வயிற்றுக்குக் கொண்டுபோகத் தோன்றியது, கொண்டுபோகக் கூடாது, பேச்சியக்கா பின்னாலேயே வருகிறாள், அவளுக்கு ஒரு கை போகிற தினுசு போதும், சாயங்காலத்துக்குள் ஊரே வளைகாப்பு தேதி குறித்துவிடும். தவமணிக்கு மட்டும்தான் தெரியும். மெடிக்கலில் வாங்கிய கார்டில் ரெண்டு கோடு. மங்கலாக ஒன்று, அழுத்தமாக ஒன்று, அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினால், "இதென்ன கோடு, கரண்டு ஆபீஸ் ரீடிங்கா?" என்கிறான், சிரித்துச் சிரித்து, பிறகு ரெண்டு பேருமே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் போன வருசமும் ரெண்டு கோடு வந்தது. போன வருசமும் சட்டி சுமந்தாள். போன வருசம் அவள் சட்டியில் பயிர் திட்டுத்திட்டாக, கோழி கொத்திய வயல் மாதிரி வந்து நின்றது, துணியை விலக்கியபோது பின்னால் யாரோ ச்சொ என்றார்கள், அந்த ச்சொ இன்னும் காதில் இருக்கிறது, அந்த மாதம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்த வருசம் பயறை ஒன்றொன்றாகப் பொறுக்கினாள், ஊற வைத்த தண்ணீரில் மஞ்சள் போட்டாள், ஆட்டுப்புழுக்கையை இடித்துச் சலித்து மண்ணில் கலந்தாள், இருட்டறையில் குனிந்து பயிரோடு பேசினாள், வா கண்ணு, வா, ரெண்டு பேருமா வாங்க. வந்ததே! அப்படி வந்ததே, கூட்டமாக, நெருக்கமாக, வெள்ளைத் தண்டும் மஞ்சள் இலையுமாக, சட்டி கொள்ளாமல். அதைப் பார்த்த அன்றுதான் முதல் தடவையாகப் பயமில்லாமல் தூங்கினாள். இது தங்கிரும். ஆத்தாவே சொல்லிட்டா, தங்கிரும். இப்போது அந்தச் சொல் மூன்று தலைக்கு முன்னால் வேறு ஒருத்தி தலையில் போகிறது.

கூப்பிட்டுவிட வேண்டியதுதான். மதினி, சட்டி மாறிப்போச்சு, என் சட்டியில சில்லு இருக்கும் பாருங்க என்று ஒரு வார்த்தை. கோயில் வாசலில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பார்கள், தலைக்குத் தலை மாற்றிக்கொள்ளலாம், கீழே இறக்கினால்தானே குற்றம். சின்னப்பிள்ளை விளையாட்டாச் செஞ்சிருச்சு என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள், பேச்சியக்காவே சாட்சி சொல்வாள், தண்ணீர் தெளிக்க முறை வைத்துப் பார்த்தவள் அவள்தானே, எது யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். நியாயம் என் பக்கம். நான் பொறுக்கின பயறு, நான் சலிச்ச மண்ணு. முனீஸ்வரிக்கு நியாயம் என்றால் இப்படித்தான், பருப்பு வாங்கினால் எடை, துணி வாங்கினால் அகலம், நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்ச பிறகு அடுத்த வீட்டுக்குக் கங்கு. இந்தப் பிள்ளைதான் எங்கிருந்து இப்படி வந்ததோ தெரியவில்லை, கொடுத்த முட்டையை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து நாய்க்குட்டிக்கு ஊட்டிவிட்டு, மூடியையும் அதற்கே தட்டாக விட்டுவிட்டு வருகிறது, ரப்பரைப் பாதி கடித்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது, கேட்டால், "எங்கிட்டதான் இன்னும் இருக்குல்லம்மா" என்று மிச்சத்தைக் காட்டுகிறது. இவளைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் சட்டி பானை மிஞ்சாது என்று அவளே தவமணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது நாய்க்குட்டி. அது ரப்பர். இது அப்பிடியா?

"நிவி." பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், கீழே குனியாமல். "நிவி, சட்டித் துணியைத் தொட்டியா நீ?" இடுப்புச் சேலையில் பிடி மட்டும் இறுகியது. "சொல்லுடி, அம்மா அடிக்க மாட்டேன், கையில சட்டி இருக்கு எப்பிடி அடிப்பேன்." அது பிள்ளைக்கு நம்பும்படியாக இருந்திருக்க வேண்டும். "அத்தை அழுதாங்கம்மா." "எந்த அத்தை?" "செல்லக்கிளி அத்தை. பேச்சி பெரியம்மா சொன்னாங்கள்ல, உன் சட்டி சரியா வரல, மனசைத் தேத்திக்கன்னு. அத்தை சேலையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. சத்தமே வரல. நான் தண்ணி மக்கு எடுத்துட்டு உள்ள போனேன்ல, அப்ப மாத்திட்டேன்." உருமி முனகிற்று. காலையில் நடந்தது முனீஸ்வரிக்குக் கண்ணில் வந்தது. பேச்சியக்கா வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள் அப்போது. பெரியவர்களுக்குத்தான் குளிச்சியா முழுகினியா என்று ஆயிரம் கேள்வி, சின்னப்பிள்ளைக்குத் தீட்டு ஏது என்று கடைசித் தண்ணீர் தெளிக்கப் பேச்சியக்கா நிவியைத்தான் உள்ளே அனுப்பினாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மதினியை வாசலில் நிறுத்தி வைத்து அந்தச் சொல்லைச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் ச்சொ என்றார்கள். முனீஸ்வரி கோலப்பொடியை அள்ளிக்கொண்டு தலையைத் தூக்கவில்லை. தன் சட்டி உள்ளே கோபுரமாக இருக்கிற சந்தோசம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று தூக்கவில்லை.

மதினியின் வீட்டுக்காரர் பால்ச்சாமி அண்ணனுக்கு நாளைக்கு ஆப்பரேசன். அவர் லோடு அடிக்கிற குட்டியானை வண்டி பள்ளத்தில் சாய்ந்து இடுப்பெலும்பு நொறுங்கி, மதுரையில் படுக்கையில் கிடக்கிறார், மதினி அங்கேயும் இங்கேயுமாக அலைந்ததில் சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பேச்சியக்கா ஊற்றியது பாதி, மறந்தது பாதி. தண்ணியில்லாட்டி எது முளைக்கும். இதற்கு ஆத்தா கோபம், வீட்டுக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லுவார்களா மனுசர்கள், தண்ணி ஊத்தல, முளைக்கல, அம்புட்டுத்தான். இதைத் தன் வாயால் நேற்றுகூட தவமணியிடம் சொன்னாளே. சொன்ன வாய்தானே இது. அப்படியென்றால் போன வருசம் என் சட்டி? போன வருசம் டப்பாவில் அடியில் கிடந்த பழைய பயறு, வண்டு துளைத்தது, ஆபீசில் ஆர்டர் நெருக்கடி என்று நின்றுபார்க்க நேரமில்லாமல் அள்ளிப் போட்டது. வண்டு துளைச்ச பயறு எப்படி முளைக்கும்? மதினிக்கு என்றால் தண்ணீர், எனக்கு என்றால் சாபமா? முனீஸ்வரிக்கு நடுத்தெருவில், தலையில் சட்டியோடு, தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. சிரிப்பு வரும்போதே இன்னொன்றும் கூட வந்தது, கூப்பிடாமல், வேகமாக. குட்டியானை வண்டி. போன வருசம் அந்த மத்தியானம் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது அந்த வண்டிதானே. பின்பக்கம் பாய் விரித்து, மதினி மடியில் அவள் தலை, பால்ச்சாமி அண்ணன் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் வண்டியை முட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "தாயி, வந்துட்டோம் தாயி, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே. நீலச்சேலை. இதே நீலச்சேலைதான். ரத்தக்கறை போகவேயில்லை, நான் புதுசு எடுத்துத் தாரேன் என்றதற்கு, போடி, துவைச்சா போயிரும் என்றாள். போயிருக்கிறது போலிருக்கிறது.

ஆனாலும் பயம் என்றால் பயம்தானே, நன்றி வந்து நின்றதும் எழுந்து இடம் விடுகிற சாதியா அது, வயிற்றுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, இருந்தாலும், இருந்தாலும் என்றது. "ஏன்டி, நம்ம சட்டியைக் குடுத்துட்டா நமக்கு?" என்று கேட்டாள், கேட்ட குரல் அவளுக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. "அம்மா பயந்துக்கிட்டு இருக்கேன்ல நிவி. சட்டி நல்லா வந்தாத்தான் நல்லது நடக்கும்." "நமக்குத்தான் பாப்பா வந்திருச்சுல்லம்மா," என்றது பிள்ளை, சத்தமாக, மேளத்துக்கு மேல். "மெதுவாடி!" "நீ அப்பாகிட்டச் சொன்னேல்ல, நான் முழிச்சுத்தான் இருந்தேன். நமக்கு முதல்லயே குடுத்திருச்சு ஆத்தா. மாமாவுக்குத்தான் இன்னும் குடுக்கல. மாமா வந்து வண்டில ஹாரன் அடிக்கணும்ல." "துணியை மாத்திக் கட்டினா ஆத்தா ஏமாந்துருமா?" என்றாள் முனீஸ்வரி. பிள்ளை நின்றேவிட்டது. பின்னால் வந்த பேச்சியக்கா பிள்ளை மேல் இடிக்கப் பார்த்தாள். அம்மாவுக்கு இது கூடத் தெரியவில்லையே என்கிற முகம், நிமிர்ந்து பார்க்கிறது, நெற்றியில் மஞ்சத்தண்ணி வழிய. "ஏமாத்தலம்மா. ஆத்தாவுக்குத் தெரியாதா யாரோடதுன்னு? அத்தைக்குத்தான் தெரியக்கூடாது."

யாரோ குலவை போட்டார்கள். அது தொற்றிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் ஓடி வந்தது, முனீஸ்வரியின் வாய்க்குள்ளும் வந்தது, அவள் போட்டாள், நாக்கு சுழலச் சுழலக் கண்ணிலிருந்து பொத்துக்கொண்டு ஊற்றியது, மஞ்சத்தண்ணியோடு போகட்டும். ஆத்தாவுக்குத் தெரியாதா. நான் துணி போர்த்தி, முடிச்சுப் போட்டு, சில்லைத் தடவி, பயறை எண்ணி எண்ணி ஆத்தாவிடம் ஒரு சொல்லுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இவள் ஒரே நிமிசத்தில் இருட்டுக்குள் போய் ஆத்தாவைத் தெரிந்தவளாகவே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை வைத்துக்கொள்கிற மாதிரி. பயம் போய்விட்டதா? போகவில்லை. அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி உட்காரு என்று பயத்தை ஒதுக்கிவிட்டு. கால் தானாக மேளத்துக்கு ஆட்டம் போட்டது. சட்டி லேசாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாத சட்டி லேசாகத்தான் இருக்கும் என்று புத்தி சொல்லியது, சொல்லட்டும். கோயில் முகப்பு தெரிந்தது. வேப்பிலைத் தோரணம், மைக்கில் தலைவர் தொண்டையைச் செருமுகிறார், கூட்டம் நெருக்கியடித்தது, நெருக்கத்தில் நீலச்சேலை அவள் தோளுக்குத் தோளாக வந்து நின்றது. மாற்றிக்கொள்ளலாம். இப்பக்கூட முடியும். ஒரு வார்த்தைதான். முனீஸ்வரி வாயைத் திறந்தாள். "மதினி, முந்தானையை இழுத்து விடுங்க, வழுக்குது," என்றாள். "கையெங்க இருக்கு, நீயே இழுத்து விடேன்," என்றாள் மதினி. ஒரு கையால் தன் சட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்துவிட்டாள். கை திரும்பி மேலே ஏறிய வழியில் மதினியின் சட்டி விளிம்பை ஒரு தடவை தடவிற்று, அது பழக்கதோசம், கட்டைவிரல் சில்லில் போய் நின்றது. சரி, போ. நல்லா இரு.

பேச்சியக்கா தன் சட்டியை முதலில் இறக்கிவைத்து, வரிசையாக எல்லாச் சட்டிகளையும் ஆத்தா முன்னால் இறக்கச் செய்து, துணிகளை விலக்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குலவை. நீலச்சேலைக்காரி கண்ணைத் திறக்கவில்லை. துணி விலகியதும் பயிர் பொங்கிக்கொண்டு வெளியே வந்தது, அமுங்கிக் கிடந்த தலைகளெல்லாம் ஒருசேர நிமிர்ந்தன, கூட்டத்தில் ஓ என்று ஒரு சத்தம், மதினி கண்ணைத் திறந்து பார்த்தாள், சட்டியின் கழுத்துத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள், அவளுடைய பச்சைத்துண்டுதான், முயல்காது போட்டு அழகாகக் கட்டியிருக்கிறது. "அக்கா, வரலன்னீகளே! அக்கா!" பேச்சியக்காவின் கண் சட்டியிலிருந்து விளிம்புச் சில்லுக்குப் போயிற்று. சில்லிலிருந்து முனீஸ்வரி முகத்துக்கு வந்தது. முனீஸ்வரி அவளையே பார்த்தாள், கண்ணெடுக்காமல், தலையை மட்டும் ஒரு நெல்லளவு அசைத்து. ஊரையே ஒரு வாயில் போட்டு மெல்லக்கூடிய அந்தப் பேச்சியக்கா என்ன செய்தாள் என்றால், வாயைத் திறந்து மூடி, மறுபடி திறந்து, "இருட்டுல என் கண்ணுக்கு என்னத்தடி தெரியுது, கண்ணாடி மாத்தணும்," என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அதுவரை யாரும் போடாத ஒரு குலவையைப் போட்டாள், முடிகிறது முடிகிறது என்று நினைக்க முடியாமல் அது போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்து இருந்த முனீஸ்வரி இறக்கிய சட்டியின் துணியையும் விலக்கிவிட்டாள். திட்டுத்திட்டாக நாலு பயிர். ச்சொ என்று யாரோ தொடங்கினார்கள். "எவடி அவ உச்சுக்கொட்டுறது, நாக்கை அறுத்துருவேன், மேளம் அடிங்கப்பா!" என்றாள் பேச்சியக்கா.

ஊருணிப் படியில் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. பொம்பளைகள் முழங்கால் வரை இறங்கிச் சட்டியைச் சாய்த்தார்கள், மண் கரைந்து இறங்க, பயிரெல்லாம் மேலே மிதந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாயங்கால வெயிலில் இளமஞ்சளாக, எது எவளுடையது என்று இனி எவளாலும் சொல்ல முடியாதபடி நகர்ந்தது. முனீஸ்வரி தன் நாலு பயிரையும் மெதுவாகத் தண்ணீரில் விட்டாள், போங்க, உங்க தப்பு ஒண்ணுமில்ல, தண்ணி ஊத்தல. நிவி படியில் உட்கார்ந்து ஷூவில் முயல்காது போட்டுக்கொண்டிருந்தது. கரைப்பதற்கு முன்னால் ஒரு பிடி பயிரை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அடுப்படியில் செருகி வைக்க, முனீஸ்வரிக்கு எடுக்க ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று சட்டியைக் கவிழ்த்து அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. செல்லக்கிளி மதினி. முகம் ஊதிச் சிவந்து, சிரித்துக்கொண்டு, கழுத்து நிமிர்ந்து. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்திலிருந்து ஒரு பெரிய பிடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, நீட்டினாள். "இந்தாடி முனீசு. உன்னோடது வரலன்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. எனக்கு ஆத்தா மனசு நெறைய குடுத்திருக்கா, உங்க அண்ணனுக்கு ஒரு பிடி மதுரைக்குக் கொண்டுபோறேன், உனக்கு இல்லாததா, எடுத்துக்க. ரெண்டு கையாலயும் வாங்கு." நிவி கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டு, கண் இரண்டும் சிரித்துக்கொண்டு. முனீஸ்வரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ரெண்டு கையாலும் வாங்கினாள். தான் பொறுக்கிய பயறு, தான் பேசி வளர்த்த பயிர், கையில் வந்து விழுந்தபோது அது வேறு யாரோ கொடுத்ததாகத்தான் கனத்தது, குளிர்ந்து, ஈரமாக, புதுசாக. இது வரைக்கும் எதையுமே இப்படி வாங்கியதில்லை என்று தோன்றியது. பேச்சியக்கா நாலு படி தள்ளித்தான் நின்றாள். நிற்கட்டும். கேட்கட்டும். ஊருக்கே கேட்கட்டும்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க மதினி."

"பாரேன் ஆசையை! எத்தனை பேருக்குடி?"

"எங்க மூணு பேருக்கு," என்றாள் முனீஸ்வரி, ஈரக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "அப்புறம் வரப்போற ஆளுக்கு."